தகப்பன் காட்டில் மகள் அன்னியளா?

கொங்கு நாட்டில் கோர்ட்டு வாசலைக் காணாத காடு அபூர்வம். வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் பிராது. வண்டித் தடத்தை மறித்தால் பிராது. கிணற்றில் தண்ணீர் முறை தவறினால் பிராது. அண்ணனும் தம்பியும் வக்கீல் வீட்டுத் திண்ணையில் வருஷக்கணக்காய் உட்கார்ந்து, காட்டின் விலையை வாய்தாவுக்கே செலவழித்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் இத்தனை தாவாக்களிலும் ஒரு கட்சிக்காரர் மட்டும் பெரும்பாலும் கோர்ட்டுப் பக்கமே வருவதில்லை. அவர்தான் அந்த வீட்டில் பிறந்த பெண். பாத்தியம் கேட்பதே பாவம் என்று அவளைச் சிறு வயதிலிருந்தே பழக்கி வைத்திருக்கிறோம்.

அப்படியும் துணிந்து வந்த ஒரு வழக்கைப் பற்றி நமது வாசகர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். 2022ம் வருஷம் ஜனவரி மாதம் 20ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளான தோழர்கள் எஸ். அப்துல் நசீர், கிருஷ்ண முராரி ஆகிய இருவரும், அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். ஒரு கவுண்டர் 1938ல் கோர்ட்டு ஏலத்தில் நிலம் வாங்கினார். அது அவருடைய சுயார்ஜித சொத்து என்று கோர்ட்டுகளே ஒப்புக் கொண்டன. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, ஒரே மகள்தான். அவருடைய சகோதரருக்கோ ஒரு மகனும் நான்கு பெண்களும் உண்டு. கவுண்டர் உயில் எழுதாமல் காலமானார். அவர் மகளும் 1967ல் பிள்ளையில்லாமல் இறந்தார். பிறகு சகோதரரின் பெண்களில் ஒருவர், தமக்கு ஐந்தில் ஒரு பங்கு உண்டென்று தாவாச் செய்தார்.

இதில் கோர்ட்டு எதை விசாரித்தது தெரியுமா? கவுண்டருக்கு மகள் இருந்தாள் என்பதில் தகராறே இல்லை. அவர் என்றைக்குச் செத்தார் என்பதில்தான் தகராறு! 1957ல் இறந்தார் என்றது வாதி தரப்பு. 1949லேயே இறந்துவிட்டார் என்றது எதிர்த் தரப்பு. ஏனென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1956 ஜூன் 17ந் தேதி. அதற்குப் பின்னால் செத்திருந்தால் மகளும் வாரிசு. அதற்கு முன்னால் செத்திருந்தால் மகள் ஒரு ஆளே அல்ல, சகோதரர் மகனே முழுச் சொத்துக்கும் உடையவன் என்பது வாதம். கீழ்க் கோர்ட்டு 1949ல் இறந்ததாக முடிவு செய்து 1994ல் தாவாவைத் தள்ளியது. ஐக்கோர்ட்டும் 2009ல் அதையே ஊர்ஜிதம் செய்தது. பெற்ற மகளின் பாத்தியம் தகப்பன் செத்த தேதியைப் பொறுத்தது என்றால், இது நீதியா, சோசியமா என்று கேட்கிறோம்.

சுப்ரீம் கோர்ட்டு இவ்விரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்தது. சுயார்ஜித சொத்தைப் பொறுத்தவரை, 1956க்கு முன் இறந்தவராயினும் மகள் வாரிசுதான். பங்காளி குறுக்கே வர முடியாது. மகள் பிள்ளையில்லாமல் இறந்தபின் அது தகப்பன் வழி வாரிசுகளான அந்த ஐந்து பேருக்கும் சமமாய்ப் போகும் என்று சொல்லிற்று. சந்தோஷம். ஆனால் தாவாப் போட்ட அம்மாள் இத்தீர்ப்பைக் காண உயிரோடு இல்லை. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் டில்லித் தீர்ப்புக்கும் இடையே 28 வருஷம் ஓடிவிட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்த நியாயம் புதியதல்ல. சிவகங்கை ஜமீன்தார் 1829ல் இறந்தபோது, அவருடைய அண்ணன் வழியார் ஜமீனை எடுத்துக் கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் விடாமல் வழக்காடினார். அது சுயார்ஜிதம், ஆகையால் பங்காளிக்கு இல்லை, மகளுக்கே உண்டு என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1863ல் தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டியிருக்கிறது. ஆகவே ஜமீன் வீட்டுப் பெண்ணுக்கு 1863ல் தெரிந்த நியாயம், குடியானவன் வீட்டுப் பெண்ணுக்கு எட்ட இன்னும் 159 வருஷம் பிடித்தது!

நிற்க, மகளுக்குப் பாத்தியம் உண்டா என்று பார்க்க நீதிபதிகள் எதைப் புரட்ட வேண்டியிருந்தது? ஸ்மிருதிகளையும், ஏறக்குறைய 900 வருஷங்களுக்கு முன் விஞ்ஞானேசுவரர் என்பவர் எழுதிய மிதாட்சரத்தையுந்தான். இந்தத் தடவை அந்த ஏடு பெண்ணுக்குச் சாதகமாய் இருந்தது; பாதகமாய் இருந்திருந்தால் என்ன செய்வது? மேலும் நமது கொங்கு மக்களை ஒன்று கேட்கிறோம். எங்கள் கலியாணத்துக்குப் புரோகிதர் வேண்டியதில்லை, அருமைக்காரரே போதும் என்று பெருமை பேசுகிறவர்கள், பெண்ணுக்குப் பாகம் என்று வரும்போது மட்டும் மிதாட்சரத்தைக் கட்டி அழுவானேன்?

பெண்களுக்கும் ஆண்களைப் போல் சமமாகச் சொத்துரிமை வேண்டுமென்று 1929ல் செங்கற்பட்டு மாகாண சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. அப்போது சிரித்தவர்கள் பலர். அறுபது வருஷம் கழித்து, 1989ல் தமிழ்நாட்டில் பாட்டன் சொத்திலும் பெண்ணுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதிலும் அதற்குள் கலியாணமாகிவிட்ட பெண்களுக்கு இல்லை. 2005ல் வந்த இந்தியச் சட்டம் அந்தப் பேதத்தையும் நீக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்த பாகப் பிரிவினைகளை மாத்திரம் அது தொடவில்லை. தகப்பன் உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்பாத்தியம் பிறப்பினாலேயே உண்டு என்று 2020ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும் நம் வீடுகளில் நடப்பதென்ன? தகப்பன் காரியம் முடிந்த கையோடு, "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ அம்மிணி" என்று பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். கலியாணத்தில் இணைச்சீர் என்று சகோதரிக்கென்றே ஒரு சடங்கு வைத்து மரியாதை செய்த அதே அண்ணன்தான் இதைச் செய்கிறான்! கேட்டால், சீரும் நகையும் போட்டாயிற்று என்கிறான். அவனுடைய படிப்புக்கும் கலியாணத்துக்கும் செலவழித்தது யார் பணம்? அதற்காக அவன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தானா? பெண் வேறு வீட்டுக்குப் போகிறவள் என்கிறான். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சீமைக்கும் போன மகனுக்குப் பங்கு குறைகிறதா? காடு துண்டாகிவிடும் என்கிறான். நான்கு மகன்கள் பிரித்தால் துண்டாகாத காடு, ஒரு மகள் வந்தால்தான் துண்டாகுமோ?

பெண்கள் கையெழுத்துப் போடுவது இந்த நியாயங்களை ஒப்புக் கொண்டல்ல. பங்கு கேட்டால் தாய் வீட்டு வாசல் அடைபட்டுவிடும், ஒரு நோம்பி நொடிக்குப் போக இடமிராது என்ற பயத்தினால்தான். காட்டைக் கொடுத்து வாசலைத் திறந்து வைத்துக் கொள்ளுகிறாள். பாசம் என்று இதைச் சொல்லுவது வெட்கக்கேடு. மீறிக் காட்டில் கால் வைத்தால், அத்துமீறி நுழைந்தாள் என்று போலீசில் பிராது! பாகம் பிரிக்காத சொத்தில் ஒரு பாத்தியஸ்தரின் அனுபோகம் மற்றப் பாத்தியஸ்தர்களுக்காகவும்தான் என்பது கோர்ட்டுகள் நெடுநாளாய்ச் சொல்லிவரும் விதி. ஆகவே தன் தகப்பனுடைய காட்டில் நிற்கும் மகள் அன்னியள் அல்ல.

ஆதலால் நமது சகோதரிகள் படித்துப் பாராத எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. போட்ட பிறகு அழுது பயனில்லை. வாரிசுச் சான்றில் தங்கள் பெயர் இருக்கிறதா, பட்டாவில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தகப்பன்மார்களுக்கும் சொல்லுகிறோம். சுயார்ஜிதத்தை உயில் மூலம் மகன் பேருக்கே எழுதிவைக்கச் சட்டம் இன்றும் இடம் தருகிறது. அந்த இடுக்கில் நுழைந்து மகளை வஞ்சிப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக, மேடையேறிப் பெண்ணுரிமை பேசுகிற தோழர்களைக் கேட்கிறோம். உங்கள் தங்கையின் விடுதலைப் பத்திரம் உங்கள் பெட்டியில் இருக்கிறதா? இருந்தால் முதலில் அவள் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மேடைக்கு வாருங்கள்.