வாத்தியக்காரர்களின் கோடம்பாக்கம்

மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களின் வாசலில் கச்சேரி அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். பாடகர் பெயருக்குக் கீழே வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா என்று ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். நடுப்பகல் கச்சேரியில் பத்துப் பேர் முன்னால் வாசிக்கும் இளைஞருக்கும் அந்த மரியாதை உண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, கோடம்பாக்கத்தில், அரை நூற்றாண்டுக்கு மேலாக நாம் கேட்டு வளர்ந்த இசையை வாசித்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அது வாய்க்கவில்லை. படத்தின் டைட்டிலில் இசையமைப்பாளர் பெயர் வந்தது; இசைத்தட்டின் உறையில் பாடகர் பெயர் வந்தது. அதோடு சரி.

இத்தனைக்கும் இசையில் இந்த நகரம் வேறெங்கும் செய்யாததை அங்கேதான் செய்தது. ஆற்காடு சாலையை ஒட்டி வடபழனி, சாலிகிராமம் வரை வாகினி, ஏ.வி.எம்., பிரசாத் என்று நின்ற கூடங்களுக்குள் கர்நாடக சங்கீதம் பயின்ற வயலின்காரர் வந்தார். தேவாலயத்தில் பியானோ பழகியவர் வந்தார். தபலாக்காரரும் தவிலடிப்பவரும் வந்தார்கள். மலையாளிகளும் தெலுங்கர்களும் ஆங்கிலோ இந்தியரும் வந்தார்கள். வெளியே ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போக வாய்ப்பில்லாத காலத்தில், இங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தாளத்துக்கு வாசித்தார்கள். சபாவும் சர்ச்சும் ஊர்க்கொட்டும் சமமாகக் கூடிய கூடம் சென்னையில் இது ஒன்றுதான் என்று அழுத்தமாகவே சொல்கிறோம்.

அவர்களுக்கென்று பள்ளிகளும் சங்கமும் முளைத்தன. மயிலாப்பூர் சாய் லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை கற்றுக்கொடுத்தார். இளையராஜா அங்கே படித்தவர், பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றார். தென்னிந்தியத் திரை வாத்தியக்காரர்களுக்கு முதல் சங்கத்தை அமைத்தவர் எம்.பி.சீனிவாசன். இசையமைப்பாளராக இருந்துகொண்டே, கால்ஷீட் கணக்கில் கூலி வாங்குபவர் பக்கம் நின்ற மனிதர்.

எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் இளையராஜாவின் ஒலிப்பதிவு காலை ஏழு மணிக்குத் தொடங்கிவிடும். அவர் ஸ்கோரை எழுதி முடித்ததும் வாத்தியக்காரர்கள் தத்தம் பகுதியை நோட்டில் படியெடுப்பார்கள். பிறகு ஒத்திகை, மைக் பேலன்ஸ், டேக். பல ட்ராக்குகள் வராத காலத்தில் குரலும் வாத்தியங்களும் சேர்ந்தே டேப்பில் ஏறின. கடைசிச் சரணத்தில் ஒரு புல்லாங்குழல் அரை மாத்திரை பிந்தினாலும் அத்தனை பேரும் மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசிக்க வேண்டும். ஐம்பது பேருடைய உழைப்பு தன் ஒரு வில்லில் தொங்குகிறது என்று தெரிந்து வாசித்த வாசிப்பு அது. அந்தப் பாடல்களின் இடையிசையில் இன்றும் நாம் உணரும் இறுக்கத்துக்கு இந்த அச்சமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம். கிதாரில் சதானந்தம், டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மேனுவல், வயலினில் வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழலில் நெப்போலியன் என்று ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும் பெயர்கள் சில உண்டு. நான்காவது வரிசையில் இருந்தவரை யார் தேடினார்கள்?

சரிவு ஒரே நாளில் வரவில்லை. பல ட்ராக் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூட வேண்டிய தேவை குறைந்தது. சிந்தசைசரும் சீக்வென்சரும் வந்தபின் பத்து வயலின் வேலையை இரண்டு கைகள் பார்த்தன. 1989இல் ரஹ்மான் தன் கோடம்பாக்கம் வீட்டோடு சேர்த்து ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. ரஹ்மானை இந்தச் சரிவுக்குக் குற்றவாளியாக்குவது அநியாயம். அவர் தந்தை ஆர்.கே.சேகர் இதே கூடங்களில் உழைத்தவர். 1976இல் அவர் இறந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. மகனும் சிறுவயதிலேயே இதே ஆர்கெஸ்ட்ராக்களில் கீபோர்டு வாசித்தார். கேசட்டிலும் சிடியிலும் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிடும் பழக்கத்துக்கு அவர் கொடுத்த இடத்தையும் மறக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொரு இசையமைப்பாளர் வீட்டிலும் ஒரு கூடம். பெரிய தந்திக் குழு வேண்டுமென்றால் புடாபெஸ்டுக்கும் மாசிடோனியாவுக்கும் ஸ்கோர் போகிறது. வாகினி வளாகத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. பிரசாத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய இளையராஜா, அந்தக் கூடம் தொடர்பான வழக்குக்குப் பிறகு அங்கிருந்து வெளியேறி, 2021இல் தி.நகரில் சொந்தக் கூடம் திறந்தார். அங்கே இன்னமும் வாத்தியக்காரர்கள் கூடுகிறார்கள் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் தினமும் மூன்று கூடங்களுக்கு ஓடிய தலைமுறைக்கு அது போதாது.

தொழில்நுட்பம் மாறியதைத் தடுத்திருக்க முடியாது. பெயரை எழுதி வைத்திருக்க முடியும். திரையிசை பற்றித் தமிழில் வந்த எழுத்து பெரும்பாலும் கவிஞரோடும் இசையமைப்பாளரோடும் பாடகரோடும் நின்றுவிட்டது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது ராயல்டி பற்றி நிறையப் பேசினோம். வாசித்தவரும் சட்டப்படி நிகழ்த்துகலைஞர்தான். ஆனால் ‘அந்தப் பாட்டில் வாசித்தது நான்’ என்று சொல்ல அவரிடம் என்ன சான்று இருக்கிறது? உடன் வாசித்தவரின் நினைவுதான். அந்த நினைவுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன.

இந்த இதழிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு வாத்தியக்காரரின் நேர்காணலை வெளியிடுகிறோம். புகழ்பெற்றவர்களிடமிருந்து தொடங்கப் போவதில்லை. இரண்டாம் வயலின், கோரஸ், தபலாவுக்குப் பக்கத்தில் டோலக், இவர்களிடமிருந்து. உங்கள் வீட்டில், உறவில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் தெரியப்படுத்துங்கள். பழைய நோட்டுகள், யூனியன் கார்டு, கூடத்தில் எடுத்த படம், கால்ஷீட் எழுதிய டைரி எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பாட்டு எது, எந்தக் கூடம், கண்டக்டர் யார், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் யார் என்று நினைவில் உள்ளவரை எழுதுங்கள். சந்தேகமான இடத்தில் சந்தேகம் என்றே குறித்து அனுப்புங்கள்; உடன் வாசித்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறோம்.