வாடகை ஒண்ணுதான், வேலை ஒண்ணா?

பழைய ஹாலிவுட் சின்ன பட்ஜெட் படங்களை இப்போ யூடியூப்ல நிறையப் பேர் விமர்சனம் பண்றாங்க. பேய்ப்படம், கொலைக்கதை, வேற்றுக்கிரகவாசி வர்ற படம் எல்லாம். அதுல முக்கால்வாசி கேலிதானுங்க. பறக்கும் தட்டுல நூல் தெரியுது, ராட்சசன் ரப்பர், சுவர் ஆடுது. சிரிக்கறதுல தப்பில்லை. ஆனா சிரிப்போடயே முடிச்சுக்கிட்டா, அந்தக் கூட்டத்துல ஒழுங்கா வேலை செஞ்ச சிலரைத் தவற விட்டுடறோம்ங்கறது என் கருத்து.

எனக்கு இந்தப் படங்கள் பழக்கமானது மும்முனை கரண்டால. அது ராத்திரியில வரும். மோட்டாரைப் போட்டுட்டா மடை மாத்தற வரைக்கும் தூங்க முடியாது. இந்தப் படங்கள் பெரும்பாலும் ஒரு மணி, ஒண்ணேகால் மணி நேரம்தான். எழுத்து ஓடறதால இங்கிலீஷும் ஒரு மாதிரி புரிஞ்சிடுது.

இவ்வளவு சின்னதா எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. 1930, 40கள்ல அமெரிக்கத் தியேட்டர்கள்ல ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம் காட்டறது வழக்கம். பெரிய படத்துக்கு வசூல்ல பங்கு. கூட ஓடற சின்னப் படத்துக்குப் பெரும்பாலும் முன்னாடியே பேசின வாடகை. படம் பிரமாதமா இருந்தாலும் அதே காசு, குப்பையா இருந்தாலும் அதே காசு.

இந்தக் கணக்கு எனக்கு நல்லாப் புரியும். எங்க பக்கம் வியாபாரி களத்துக்கே வந்து கடலைக்கு மூட்டைக் கணக்குல ஒரே விலை பேசிட்டுப் போவார். கல்லு பொறுக்கி, சொத்தை கழிச்சு வெச்சாலும் அதுதான். அப்படியே அள்ளிக் கொட்டினாலும் அதுதான். அப்படியிருந்தும் சொத்தை கழிக்கிற ஆள் ஊருக்கு ரெண்டு பேர் இருப்பாங்க. படத்துலயும் நான் தேடறது அந்த ஆளைத்தான்.

1942ல வந்த 'கேட் பீப்பிள்' பாருங்க. வால் லூட்டன் தயாரிப்பு, ஜாக் டூர்னர் இயக்கம். கம்பெனிக்காரங்க தலைப்பை மட்டும் கொடுத்து, ஒண்ணரை லட்சம் டாலருக்குள்ள முடின்னு சொல்லிட்டாங்க. பெண் சிறுத்தையா மாறற கதை. அவங்க சிறுத்தையை அதிகம் காட்டவே இல்லை. ராத்திரி தனியாப் போற பொண்ணுக்குப் பின்னாடி காலடிச் சத்தம், அது திடீர்னு நிக்குது, அப்புறம் சீறிக்கிட்டு ஒரு பஸ் வந்து நிக்கும். அவ்வளவுதான். நீச்சல்குளத்துச் சுவர்ல தண்ணி வெளிச்சம் ஆடறதையும் ஒரு உறுமலையும் வெச்சே நம்ம வயித்தைக் கலக்கிடறாங்க. படத்துல வர்ற பெரிய மாடிப்படி, ஆர்சன் வெல்ஸ் படத்துக்குப் போட்ட செட்டுல மிச்சம் இருந்தது.

அடுத்தது எட்கர் உல்மர் எடுத்த 'டீட்டூர்', 1945. நியூயார்க் தெரு போட வசதி இல்லை. பனிமூட்டத்தை விட்டு, தெருப் பலகையை மட்டும் காட்டிட்டார். காதலர்கள் அதுக்குள்ள நடந்து போகும்போது, போற வழி தெரியாத ரெண்டு பேருன்னு நமக்கே தோணிடுது. ஒரு இடத்துல ஃபிலிமைத் திருப்பிப் போட்டதால அமெரிக்க டிரைவர் நம்ம ஊர் மாதிரி வலது பக்கம் உட்கார்ந்திருப்பார். அதையும் சொல்லுங்க, ஆனா அதை மட்டும் சொல்லாதீங்க. இந்தப் படத்தை அமெரிக்க அரசே பாதுகாக்க வேண்டிய படம்னு 1992ல பட்டியல்ல சேர்த்துச்சு.

'கன் கிரேஸி' 1950ல வந்தது. ஒரு பேங்க் கொள்ளையைக் காரோட பின் சீட்ல கேமராவை வெச்சு, வெட்டாம ஒரே ஷாட்ல எடுத்திருக்கார் ஜோசப் லூயிஸ். பேங்க் உள்ள என்ன நடக்குதுன்னு காட்டறதே இல்லை. நாமளும் வெளிய கார்ல தவிச்சுக்கிட்டு இருப்போம். எழுதினவங்கள்ல ஒருத்தர் டால்டன் டிரம்போ. கம்யூனிஸ்ட்னு ஒதுக்கி வெச்சிருந்ததால அவர் பேரைப் போட முடியலை, இன்னொருத்தர் பேர்ல வந்துச்சு. காசு கம்மி, பேரும் கிடையாது. ஆனா வேலையில குறை வெக்கலை.

இதைப் படிச்சுட்டு, கஷ்டத்துலதான் கலை பிறக்கும்னு யாரும் ஆரம்பிச்சிடாதீங்க. சிறு விவசாயி மண்ணோட வாழறான், கொடுத்து வெச்சவன்னு நகரத்துல சொல்ற மாதிரிதான் அது. காசில்லாம எடுத்த படங்கள்ல பெரும்பகுதி மோசமான படங்கள்தான். 1952ல நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் ஒரு அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து 'தி ஜங்கிள்'னு ஒண்ணு எடுத்தாங்க. யானைக்கு ரோமத்தைப் போர்த்தி ஆதிகால மாமூத்னு காட்டினாங்க. அந்த மாமூத் வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணு சொருகிடுச்சு. நம்ம ஊர்ப் படம்ங்கறதுக்காக மார்க் போட மாட்டேன். எட் வுட்டோட 'பிளான் 9' படத்துல, நடிகர் பேலா லுகோசி இறந்துட்டதால வேற ஆளை வெச்சு, அங்கியால மூஞ்சியை மூடிக்கிட்டு நடக்க விட்டாங்க. உல்மர் பனியால மறைச்சாரு, இவரு துணியால மறைச்சாரு. இல்லாமை ரெண்டுலயும் இருக்கு. யோசனை ஒண்ணுலதான் இருக்கு.

அதனால விமர்சனம் பண்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். எது இல்லைன்னு பட்டியல் போட்டதுக்கப்புறம், இருந்ததை வெச்சு என்ன செஞ்சாங்கன்னும் ஒரு வரி சொல்லுங்க. பார்க்கறவங்க 'டீட்டூர்'ல இருந்து ஆரம்பிங்க. 68 நிமிஷம்தான்.