மருத்துவரிடம் போகும் வழி

நோய் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். போவது எப்படி என்பது எல்லாருக்கும் தெரியாது. ஊரில் இருக்கும் வரையில் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. அங்கே மருத்துவர் தெருக்கோடியில் இருக்கிறார். கம்பவுண்டர் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அம்மா உடன் வருகிறார்; நமக்கு என்ன நோய் என்பதை நம்மைவிட நன்றாக அவரே எடுத்துச் சொல்லிவிடுகிறார். நாம் நாக்கை நீட்டினால் போதும். டில்லிக்குப் படிக்க வந்த பிறகுதான், நாக்கை நீட்டுவதற்கு முன்னால் அதைப் பேசவும் வைக்க வேண்டும் என்பது தெரிகிறது.

இந்த நகரத்தில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. 1956இல் தோன்றிய அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் இங்கேதான் இருக்கிறது. அதற்கு எதிரே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், படைவீரர்களுக்காக எழுந்த சப்தர்ஜங் மருத்துவமனை இருக்கிறது. வடநாட்டின் பல மாநிலங்களிலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து மக்கள் இவற்றை நாடி வருகிறார்கள். நாமோ சில கல் தொலைவில் இருந்துகொண்டே போகத் தயங்குகிறோம். நம் குறை மருத்துவர் இல்லாத குறையன்று; அவரை அடையும் வழி தெரியாத குறை.

அந்த வழி இப்போது பெரிதும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் இணையத்தின் மூலம் நாள் குறித்துக்கொள்ளும் முறை 2015இல் தொடங்கியது. வாயிலில் ஒட்டிய கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடித்து உடனே எண் பெறும் முறை, 2022 அக்டோபரில் இதே டில்லியில், லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடைமுறைக்கு வந்தது. இவற்றைக் குறை கூற நான் எழுதவில்லை. விடியற்காலையில் வரிசையில் நின்று கால் கடுத்த முதியவரைக் கேட்டால் இவற்றின் அருமை தெரியும். ஆனால், நம் நிலையை எண்ணிப் பாருங்கள். நம்மில் பலருடைய ஆதார் அட்டையில் பதிந்திருப்பது ஊரில் இருக்கும் அப்பாவின் கைப்பேசி எண். இங்கே நாம் நாள் குறிக்க முயன்றால், ஓ.டி.பி. அங்கே திருநெல்வேலியில் போய் ஒலிக்கிறது. சாதாரணக் காய்ச்சல், வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று எண்ணியவனுடைய செய்தி, மருத்துவருக்குத் தெரியும் முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது!

கைப்பேசியை வென்று உள்ளே போனால் மொழி காத்திருக்கிறது. "சேந்தீஸ்" என்றால் 37; "சேந்தாலீஸ்" என்றால் 47. ஒலிபெருக்கியின் இரைச்சலில் எது நம் எண் என்று காய்ச்சல்காரன் எப்படிக் கண்டுகொள்வான்? "கல்" என்னும் சொல்லுக்கு நேற்று என்றும் பொருள். நாளை என்றும் பொருள். இலக்கண வகுப்பில் இது சுவையான செய்தி. மருத்துவமனைச் சாளரத்தின் முன்னே இது சுவையாக இருப்பதில்லை.

2024 அக்டோபரில் எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் அவர் சென்றபோது மருத்துவர் பார்க்கும் நேரம் முடிந்திருந்தது. மறுநாள் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார். சாளரத்தில் இருந்தவர் "கல் ஆனா" என்றார். நாளைக்கு வா என்பது அதன் பொருள். நேற்றே வந்திருக்க வேண்டும் என்று கடிந்துகொள்வதாக நம் நண்பர் புரிந்துகொண்டார், திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் உடல் வலிக்கு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினார். நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். அன்று மாலையே வயிற்றில் கடும் வலி, ஓயாத வாந்தி. இரவில் மூத்த மாணவர் இருவர் அவரை ஆட்டோவில் ஏற்றி அவசரப் பகுதிக்குக் கொண்டு சென்றனர். டெங்கு என்றார்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் விழிப்பாக இருக்க வேண்டிய வேளை. வயிற்று வலியும், நிற்காத வாந்தியும், ஈறில் இரத்தக் கசிவும் அப்போது தோன்றினால் ஒரு மணிநேரமும் வீணாக்கக் கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடும் என்பதால், டெங்கு என்ற ஐயம் இருக்கும்போது அவற்றைத் தொடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடையில் நண்பர் வாங்கி விழுங்கியது ஐபுபுரோபன்தான். ஐந்து நாள் படுக்கையில் இருந்து அவர் நலமாகத் திரும்பினார். இன்று நம்மோடு பந்தாடுகிறார். ஆனால், அவரைச் சோதித்து முடிவு சொல்ல மருத்துவர்களுக்குச் சில மணிநேரம் போதுமானதாக இருந்தது. அவர்களை அடைய அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளுக்கு யார் பொறுப்பு?

"இந்தி கற்றுக்கொண்டு வந்திருக்கலாமே" என்று கூறுவோர் உளர். கற்றுக்கொள்ளட்டும், எந்த மொழியைக் கற்பதும் நன்றே. ஆனால், பாடம் முடியும் வரையில் காய்ச்சல் பொறுத்திருக்காது. "ஆங்கிலம் போதாதா?" என்று வேறு சிலர் கேட்பர். மருத்துவரிடம் ஓரளவு போதும், சாளரத்தில் போதாது. மருத்துவரிடமும் முழுதும் போதும் என்று நான் ஒப்பமாட்டேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல் என்று வலியை வகை வகையாகப் பிரித்துச் சொல்லப் பழகிய நாம், அங்கே போய் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். மயக்கமாக இருக்கிறது என்கிறோம். தலை சுற்றுகிறதா, நினைவு தப்பியதா என்று மருத்துவர் கேட்டால் விழிக்கிறோம்.

விழிப்பதற்கும் நேரம் இல்லை. 67 நாடுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்டனர். ஒரு நோயாளியோடு மருத்துவர் செலவிடும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்காள தேசத்தில் 48 நொடி, நம் நாட்டில் ஏறத்தாழ 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் முதல் நிமிடத்தைச் சொல் தேடுவதில் கழித்தால், எஞ்சிய நிமிடத்தில் மருத்துவர்தாம் என்ன செய்வார்? ஆகவே, நாள் குறிப்பது பாதி வேலைதான். என்று தொடங்கியது, எங்கே வலிக்கிறது, எவ்வளவு காய்ச்சல், என்ன மருந்து உண்டோம், எந்த மருந்து நமக்கு ஒவ்வாது என்னும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது மற்றப் பாதி.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவர் என்று மருத்துவத்தை நான்கு பங்காக வள்ளுவர் வகுத்தார். முதல் மூன்றும் டில்லியில் நமக்கு உண்டு. இல்லாதது நான்காவது. ஊரில் அம்மாவும் அண்ணனும் அந்த இடத்தில் இருந்தார்கள். இங்கே அந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியது நம் சங்கம் என்பதே என் கருத்து. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நடத்தட்டும். காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஒரு துணை தராத சங்கம், விழா எடுத்து என்ன பயன்?

பெருஞ்செலவு ஒன்றும் வேண்டியதில்லை. ஒவ்வொரு விடுதிக்கும் இரண்டு மூத்த மாணவர். மாணவியர் விடுதிக்கு இரண்டு மாணவியர். அவர்களுடைய பெயரும் எண்ணும் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். நாள் குறிக்க, உடன் செல்ல, சாளரத்தில் பேச அவர்கள் உதவட்டும். முதலாண்டு மாணவர் வந்து சேரும் வாரத்திலேயே அவர்கள் ஆதாரில் தம் எண்ணைப் பதிந்துகொள்ள வழிகாட்டட்டும். வளாக மருத்துவரைக் கண்டு, நேரம் குறிக்காமல் காய்ச்சலோடு வருபவருக்காக நாள்தோறும் சில இடம் ஒதுக்குமாறு கேட்கட்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. துணைக்குச் செல்பவர் நோயாளி விரும்பினாலன்றி அறைக்குள் போகக் கூடாது; கேட்டதை வெளியில் சொல்லவும் கூடாது. துணை வேறு, துப்பு வேறு.

"நாம் என்ன குழந்தைகளா, கைபிடித்து அழைத்துப் போக?" என்று சில தோழர்கள் நகைக்கக் கூடும். நம் வேலூரை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். வங்காளத்திலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் கடைகளிலும் வங்க எழுத்தில் பலகை தொங்குகிறது. கடைக்காரர் வங்காளம் பேசுகிறார். அவர்களைக் குழந்தைகள் என்று யாரும் நகைப்பதில்லை. அந்த மருத்துவமனை பிறந்த கதையும் இதையே சொல்கிறது. திண்டிவனத்தில் ஓர் இரவு, பிள்ளைப்பேற்றில் துன்புற்ற பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண்ணை அழைத்தனர். அவர் மருத்துவம் கற்றவர் அல்லர். அவருடைய தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவர் வருவதை அவ்வீட்டார் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். மருத்துவர் அருகில் இருந்தார். அவரிடம் போகும் வழி அடைபட்டிருந்தது. அந்த வழியைத் திறக்கவே ஐடா மருத்துவம் படித்து வந்து 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார்.

துணைவர் வரும் வரையில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு. அவசரப் பகுதிக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. உயிருக்கு இடர் என்றால் எந்த மருத்துவரும் முதலில் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2020இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவின் எந்தப் பகுதியில் உள்ள நோயாளிக்கும் தொலைபேசி வழியே ஆலோசனை கூறலாம். ஆகவே, பழைய தோல் நோய்க்கோ வயிற்றுப் புண்ணுக்கோ ஊர் மருத்துவரிடமே தமிழில் பேசிவிடலாம். நான்காம் நாள் காய்ச்சலுக்கு அது வழியன்று. அதற்கு நேரில்தான் போக வேண்டும். மனம் சோர்ந்து உறக்கம் கெட்டால், 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022இல் அரசு தொடங்கிய அந்த மனநலப் பணியில் தமிழிலும் பேசலாம்.

இந்தத் துணைப்பணி தமிழ் மாணவருக்கு மட்டும் என்று நாம் வேலி போட வேண்டியதில்லை. மணிப்பூர் மாணவியும் கேரள மாணவரும் அதே சாளரத்தின் முன்னே அதே போல் விழிக்கிறார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். மழைக்காலம் முடிந்து கொசு பெருகும் முன்னே பட்டியல் பலகையில் ஏற வேண்டும். ஒரு விடுதிக்கு இருவர் தேவை. என் விடுதிக்கு ஒருவன் நான். மற்றவர் யார்?