அறிவின் நிறைவு

மான் கன்று பிறந்த சிறிது பொழுதிலேயே எழுந்து நிற்கும், தாயைப் பின்தொடரும். மனிதக் குழவியோ நிற்பதற்கே ஓராண்டு கற்றல் வேண்டும். எக்கனி உண்ணத்தக்கது, எந்நிலம் உழத்தக்கது, எக்காலத்தில் மழை வரும் என்பனவற்றையெல்லாம் மனிதன் கண்டும் கேட்டும் ஆராய்ந்துமே அறிகின்றான். ஆதலின், அறிவு அவனுக்கு வெறும் அணிகலன் அன்று. உணவும் நீரும் போல இன்றியமையாதது.

இவ்வறிவின் பயனைப் பற்றி இருவேறு கொள்கைகள் வழங்குகின்றன. இயற்கையை அடக்கி ஆள்வதே அறிவின் பயன் என்பர் ஒரு சாரார். அறிவு வளர வளர இயற்கை அழிகின்றது. ஆகவே, அறிவு வளராதிருத்தலே நன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா. இயற்கைக்குக் கேடு சூழ்வது குறையறிவு. நிறைந்த அறிவு இயற்கையோடு இயைந்து வாழும் நெறியையே காட்டும். இதனை விளக்கப் பறவைகளைப் பற்றிய இரண்டு செய்திகள் போதும்.

சீன நாட்டில் 1958ஆம் ஆண்டில், எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழித்தல் வேண்டுமென்று அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. தானியத்தைத் தின்கின்றது என்பதே குருவியின்மேல் சாட்டப்பட்ட குற்றம். மக்கள் திரண்டு, பறையும் பாத்திரங்களும் தட்டி, குருவிகளை ஓரிடத்தும் அமரவொட்டாமல் விரட்டினர். ஓயாது பறந்த குருவிகள் களைத்து வீழ்ந்து மடிந்தன. கூடுகள் கலைக்கப்பட்டன, முட்டைகள் உடைக்கப்பட்டன. பின்னர் விளைந்தது யாது? குருவிகளுக்கு இரையாகி வந்த பூச்சிகள் தடையின்றிப் பெருகிப் பயிரைத் தின்றன. அக்காலத்தில் அந்நாட்டை வருத்திய கொடும் பஞ்சத்திற்குக் காரணங்கள் பல. பூச்சிகளின் பெருக்கமும் அவற்றுள் ஒன்று. 1960ஆம் ஆண்டில் குருவியின் பெயரை நீக்கி, மூட்டைப்பூச்சியின் பெயரைச் சேர்த்தனர். குருவி தானியம் தின்னும் என்பது பொய்யன்று; ஆயினும், அது பாதி உண்மையே. தன் குஞ்சுகளுக்கு அது பூச்சிகளை ஊட்டி வளர்க்கும் என்பது மறுபாதி. பாதியை அறிந்து, முழுவதும் அறிந்துவிட்டதாக எண்ணியதே கேட்டிற்கு வித்தாயிற்று.

மற்றொரு செய்தி தமிழ்நாட்டைச் சார்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கு அருகே வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிற்றேரியைக் குறிக்கும் சொல். ஊர்ப்பெயரின் முற்பகுதியை வேடரோடு இயைத்துப் பொருள் கூறுவர். வேடர் பெயர் தாங்கிய ஊர் பறவைகளுக்குப் புகலிடமாய் விளங்குதல் வியப்பே. ஏறத்தாழ 74 ஏக்கர் பரப்புடைய அவ்வேரியில் நீர்க்கடம்பும் கருவேலும் நீரிடையே நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து அம்மரங்களில் கூடு கட்டுகின்றன.

இப்பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்கின்றது. அந்நீர் மதகின் வழியே கழனிகளில் பாய்ந்து பயிருக்கு உரமாகின்றது. இவ்வுண்மையை அவ்வூர் உழவர் ஏட்டில் படித்து அறியவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தம் கழனியைக் கூர்ந்து நோக்கி அறிந்தனர். பறவை எச்சத்தில் தழைச்சத்து மிகுதியாக உண்டு என்று இக்கால அறிவியல் கூறுவதும் அதனோடு ஒத்துள்ளது. அறிந்தவாறே அவர்கள் ஒழுகவும் செய்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் சிலர் அங்குப் பறவைகளைச் சுட்டனர். ஊரார் அக்காலத்து ஆட்சியர் லயனல் பிளேசு என்பவரிடம் முறையிட்டு, பறவைகளைக் காத்துக்கொள்ளும் உரிமைக்குக் கவுல் பெற்றனர் என்பர். தீபாவளி நாளிலும் வெடி வெடிக்காமல் இருப்பது அவ்வூர் வழக்கம். உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் இடம்பெற்றது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரார் அதன் அருமையை உணர்ந்திருந்தனர்.

ஊரார் பறவைகளைக் காத்தது தம் விளைச்சலுக்காகவே. இதில் அறம் எங்கே உளது என்று சிலர் வினவக்கூடும். தன்னலம் குறுகிய பார்வையோடு சேரும்போது பிறவுயிரை அழிக்கின்றது. நெடிய பார்வையோடு சேரும்போது பிறவுயிரையும் தன்னுள் அணைத்துக்கொள்கின்றது. பறவையின் வாழ்வும் தன் வாழ்வும் ஒரே ஏரியைச் சார்ந்துள்ளன என்று தெளிந்த உழவனுக்கு, தன்னைக் காத்தலும் பறவையைக் காத்தலும் ஒன்றாயின. இரக்கம் மட்டுமே காரணமாயின், அக்காவல் ஒரு தலைமுறையோடு நின்றிருத்தலும் கூடும். அறிவில் வேரூன்றியமையால் அது வழிவழியாக நிலைத்தது.

எனினும், அறிவு நிலம்போலத் தானே கைமாறும் சொத்தன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனை முயன்று பெறுதல் வேண்டும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் அவ்வேரியில் மட்டும் இரை தேடுவதில்லை. சுற்றுப்புற ஏரிகளையும் கழனிகளையும் நாடிச் செல்கின்றன. அந்நீர்நிலைகள் தூர்ந்துபோனால், காவல் எவ்வளவு இருப்பினும் பறவைகள் வாரா. இதனை உணராது, ஏரிகளை வெற்று நிலமென எண்ணி மேடாக்குவோரும், வரத்துக்காலை மறித்துக் கட்டடம் எழுப்புவோரும், சீன நாட்டார் குருவியின்பால் செய்த பிழையையே மீண்டும் செய்கின்றனர். நிலத்தின் விலையை அவர்கள் அறிவர். நீரின் வழியை அறியார்.

ஆதலின், மாணவர் நூல்களைக் கற்பதோடு தம் ஊரையும் கற்றல் வேண்டும். தம் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழி வருகின்றது, மதகு எங்கே உள்ளது, மிகுநீர் எங்கே செல்கின்றது, எப்பருவத்தில் எப்பறவை வருகின்றது என்பனவற்றை முதியோரிடம் கேட்டும் நேரில் கண்டும் அறிதல் வேண்டும். அவ்வாறு அறிந்த ஒருவன் நாளை அந்நீர்நிலையைக் காக்க முற்படுவான். அறியாதவன் அது மறைந்ததையும் அறியான்.