காற்றும் கலைமானும்

ஆடி பிறந்துவிட்டால் படப்பையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இரண்டு ஒலிகள் ஓயாமல் கேட்கும். ஒன்று, அம்மன் ஆலயங்களிலிருந்து எழும் பம்பை, உடுக்கை முழக்கம். மற்றொன்று, மேற்கிலிருந்து புழுதியை வாரிவரும் காற்றின் இரைச்சல். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றனர் முன்னோர். அக்காற்றுக்கும் அம்மனுக்கும் இடையில் ஓர் எளிய உயிர் நிற்கிறது. அதுவே மான்.

திசைக் காவலர் எண்மருள் வடமேற்குக்கு உரியவன் வாயு பகவான். அவனுக்கு வாகனம் மான். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் வணங்கும் கொற்றவைக்கும் கலைமானே ஊர்தி. துர்க்கையின் தொன்மையான தமிழ் வடிவம் அக்கொற்றவை. படப்பை அடங்கிய தொண்டை நாட்டில் வாழ்ந்த எயினரைப் பற்றிப் பெரும்பாணாற்றுப்படையும் பேசுகிறது. நீர்த்துறையின் அருகே குழி தோண்டி, அதனுள் மறைந்திருந்து, இரவில் விலங்கின் வரவை எதிர்நோக்கிய வேடரை அந்நூல் காட்டுகிறது. வேட்டையாடிப் பிழைத்த மக்கள், தாம் கொல்லும் விலங்கையே தம் தாயின் ஊர்தியாக வைத்து வணங்கினர் என்பது சிந்திக்கத் தக்கது.

மானை அணுக நினைத்த வேடன் முதலில் ஆராய்ந்தது காற்றையே. ஒரு பிடி புழுதியையோ சாம்பலையோ மெல்லத் தூவி, அது பறக்கும் திசையை நோக்குவான். காற்று தன் முகத்தில் மோதுமாறு நடந்தால்தான் அவனுடைய உடல்வாடை மானை எட்டாது. காற்று சற்றே திரும்பினாலும் போதும். மான் தலை நிமிர்த்தும். முன்னங்காலால் தரையைத் தட்டும். கூரிய குரல் எழுப்பும். அடுத்த கணம் கூட்டமே மறைந்துவிடும். வாயு பகவான் தன் ஊர்தியைக் காக்கும் முறை இது என்றே பக்தர் மனம் கொள்ளும்.

ஆயினும் காற்று மிகும்போது அக்காவல் குலைகிறது. ஒவ்வொரு புதரும் அசைகிறது. ஒவ்வொரு சருகும் ஒலிக்கிறது. பகைவனின் காலடி எது, கிளையின் உரசல் எது என்று மானுக்குத் தெரிவதில்லை. அது திறந்த வெளியை விட்டுப் பள்ளங்களிலும் காற்று மறைவிலும் ஒதுங்கி, காதுகளைத் திருப்பித் திருப்பி அஞ்சியிருக்கும். வேடனுக்கும் அதே மயக்கம் உண்டு. அசைவது மானா மனிதனா என்று அறியாமல் அம்பு தொடுப்பவன் பெரும்பழிக்கு ஆளாவான்.

அப்பழிக்குச் சான்று இராமாயணத்திலேயே உள்ளது. இளமையில் தசரதர், மழைக்காலத்து இரவொன்றில் சரயு நதிக்கரையில் வேட்டைக்குக் காத்திருந்தார். குடத்தில் நீர் புகும் ஒலியை யானையின் ஒலியெனக் கருதி, இருளில் ஒலி வந்த திசை நோக்கிக் கணை விடுத்தார். வீழ்ந்தவன் கண்ணற்ற பெற்றோருக்கு நீர் எடுக்க வந்த முனிகுமாரன். அவனைக் கொல்லும் எண்ணம் தசரதருக்குச் சிறிதும் இல்லை. எனினும் புத்திர சோகத்தால் மாளும் சாபம் அவரை விடவில்லை. காணாமல் செய்த பிழைக்கும் கணக்கு உண்டு என்பதே அக்கதை தரும் படிப்பினை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்தது. இன்று படப்பையில் வில்லேந்தியவர் எவருமில்லை. வண்டலூர்க் காப்புக்காட்டிலும் கிண்டித் தேசியப் பூங்காவிலும் புள்ளிமான்கள் சட்டத்தின் நிழலில் வாழ்கின்றன. ஆனால் காணாமல் எய்யும் கணை மட்டும் இன்னும் நின்றபாடில்லை. அக்கணை, பிரசாதம் உண்டபின் வீசி எறியப்படும் பிளாஸ்டிக் உறை.

பொங்கலும் சுண்டலும் இருந்த உறையில் உப்பின் சுவையும் நெய்யின் மணமும் தங்கியிருக்கும். காலையில் மேல்காற்று அதனைக் கிழக்கே உருட்டும். மாலையில் கடற்காற்று அதையே மேற்கே தள்ளும். வேலியைத் தாண்டிப் புதரில் சிக்கிய உறையை, மணத்தால் ஈர்க்கப்பட்ட மான் உறையோடு விழுங்குகிறது. மானின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் சேரும் பிளாஸ்டிக் செரிப்பதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. அது பந்தாய்த் திரண்டு வயிறு நிறைந்ததுபோல் காட்ட, மான் மேய்ச்சலைக் குறைத்து மெல்ல மெல்ல மெலிந்து மடிகிறது. கிண்டிப் பகுதியில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கண்டெடுக்கப்பட்டதுண்டு. பகைவனின் வாடையைச் சுமந்துவந்து எச்சரித்த அதே காற்று, இன்று உணவின் வாடையைக் காட்டி மரணத்துக்கு அழைக்கிறது.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடை செய்துள்ளது. சட்டம் கடையைத் தடுக்கலாம். கையைத் தடுக்க வேண்டியது பக்தியே. ஆடிக்கூழுக்கு வீட்டிலிருந்து ஒரு பாத்திரம், அர்ச்சனைப் பொருளுக்கு ஒரு மஞ்சள் பை, சுண்டலுக்கு ஒரு தொன்னை என்பவை இல்லத்துப் பெரியோர் அறியாத புதுமைகள் அல்ல. வாழையிலையும் மந்தாரையிலையும் அவர்கள் பிறந்து வளர்ந்த காலத்து வழக்கமே. அதைப் பேரப்பிள்ளைகளின் கையில் மீண்டும் கொடுக்க அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

இந்த ஆடி வெள்ளியில் துர்க்கையை வலம்வந்து வெளியே வருகையில், கையிலுள்ள உறையைக் காற்றிடம் ஒப்படைக்காமல் இல்லத்துக்கே எடுத்துச் செல்வோர், அத்தேவியின் ஊர்திக்கும் ஒரு பிடி புல் இட்டவராவர்.