அளவுகோலையும் கொஞ்சம் அளந்து பாருங்கள்!

“ஏனுங்க டாக்டர், பையனுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துச் சொல்லிப்போடுங்க. பொண்ணு பாக்கலாம்னா வேண்டாங்கறான். இவன் நார்மலுங்களா, இல்லீங்களா?”

பொள்ளாச்சியிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ கோவைக்கு வண்டியேறி வரும் பெற்றோர், மனநல ஆலோசகரின் அறையில் கேட்கக்கூடிய கேள்வி இது. பக்கத்து நாற்காலியில் பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். ஸ்கேனில் கட்டி தெரிவதுபோல டெஸ்ட்டில் மனசு தெரிந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அப்படி ஒரு டெஸ்ட் உண்டா?

உண்டு என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1940-களில் அமெரிக்காவில் உருவான ‘எம்.எம்.பி.ஐ.’ என்ற கேள்வித்தாளில் ஆண்மை, பெண்மையை அளப்பதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. ஓர்பால் ஈர்ப்புள்ள ஆண்களைக் கண்டுபிடிப்பதுதான் அதன் ஆரம்ப நோக்கம். மெக்கானிக் பத்திரிகை படிக்கப் பிடிக்குமா, பூ வியாபாரம் செய்யப் பிடிக்குமா என்கிற ரீதியில் கேள்விகள் போகும். பூ வியாபாரம் பிடிக்கும் என்று ஓர் ஆண் சொன்னால், ‘பெண்மை’ பக்கம் மார்க் ஏறிவிடும்!

அந்தக் கேள்வித்தாளோடு கோவை பூ மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். மல்லிகையை எடை போடுகிறவர்களிலும் மாலை கட்டுகிறவர்களிலும் ஆண்கள் நிறையப் பேர். இதே ஊரில் பம்ப்செட் மோட்டாருக்கு காயில் சுற்றும் பெண்களும் இருக்கிறார்கள். அந்த டெஸ்ட் கணக்குப்படி இவர்களெல்லாம் ஏதோ ஒருவிதத்தில் ‘மாறுபட்டவர்கள்’. கோளாறு யாரிடம்? அளவுகோலில்தானே!

‘க்வியர் தியரி’ என்கிற சிந்தனை மனநலத் துறையிடம் கேட்பதும் இதைத்தான். ‘இவன் நார்மலா?’ என்று கேட்கும் முன், ‘எது நார்மல் என்று முடிவு செய்தது யார், எந்த ஊரில், எந்தக் காலத்தில்?’ என்று யோசிக்கச் சொல்கிறது.

இதற்கு வழிகாட்டியதுபோல ஒரு பரிசோதனை 1957-ல் வெளியானது. அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர், ஓர்பால் ஈர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் மற்ற 30 ஆண்களுக்கும் மைக்கறை டெஸ்ட் உட்படச் சில டெஸ்ட்கள் வைத்தார். பெயரை மறைத்து, முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஓர்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

நம் ஊருக்கே வருவோம். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் டி.வி.யில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்ததை நாடே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குக்கூட உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் திருநங்கையரின் நிலை, மனநோய் அத்தியாயத்தில்தான் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியல்தான் அதை அங்கிருந்து எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் செய்தி வாசித்தவருக்கு எந்த நோயும் குணமாகவில்லை, பட்டியல்தான் திருந்தியது.

திருந்துவதில் வெட்கமும் இல்லை. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் ஆலோசகரிடம் அனுப்பினார். தனக்கும் இதில் தெளிவு போதாது என்று சொல்லி, உளவியலாளரிடம் தானும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஜூன் 7 அன்று, இவர்களை ‘மாற்றிக்காட்டும்’ சிகிச்சைக்குத் தடை விதிக்க உத்தரவிட்டார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் சிகிச்சை தருவது தொழில் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் டெஸ்ட்டே வேண்டாமா? தாராளமாக எடுக்கலாம். தூக்கம் கெட்டிருக்கிறதா, பதற்றமா, மனச்சோர்வா, உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்க்கிறதா... இதையெல்லாம் அறிய டெஸ்ட் உதவும். யார் மீது ஈர்ப்பு என்பது அவன் சொன்னால்தான் தெரியும்.

ஆலோசகரிடம் போகும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று மட்டும் கேட்காமல், ‘மனசுக்கு நெருக்கமானவங்க யாராவது உண்டா?’ என்று கேட்கிறவர் நல்ல ஆலோசகர். 18 வயது தாண்டியவரின் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுப்பதோ, ரிப்போர்ட்டை வீட்டாரிடம் காட்டுவதோ கூடாது. ‘பத்து சிட்டிங்கில் மாற்றிவிடலாம்’ என்று யாராவது சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். சமூகத்தின் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. அவசரத்துக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது.

எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாத ஒரு கேள்வியைப் பெற்றோர் கேட்கலாம். திரும்பி வரும் பஸ்ஸிலேயே கேட்கலாம்.

“என்ன சாமி, மனசுல என்ன இருக்குது? எங்க கிட்டச் சொல்லு.”

பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.