முன்சக்கரத்துக்கு முதல் மரியாதை

சென்ற வாரம் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் சைக்கிள் டயரைப் பற்றி எழுதப் போகிறேன். "இதென்ன அநியாயம்! அடுப்படியை விட்டுவிட்டுச் சைக்கிள் கடைக்குக் கிளம்பிவிட்டாளே!" என்று சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். நானாக எங்கும் போகவில்லை. டயர்தான் என்னைத் தேடி வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தால், என் அண்ணன் மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து ரத்தம். தலை முதல் கால் வரை செம்மண்.

எங்கள் அரியாங்குப்பத்தில் செம்மண் ஏது என்று புதுச்சேரிக்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வீராம்பட்டினத்துக் கடற்கரை மணல். செம்மண் இருப்பது பட்டணத்தைத் தாண்டி வடக்கே, ஆரோவில் பக்கத்து மேட்டில். பனை மரமும் முந்திரித் தோப்புமாக இருக்கும் அந்த மேட்டை மழைத் தண்ணீர் அறுத்து அறுத்துப் பெரிய பள்ளங்களாக்கி வைத்திருக்கிறது. கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கும் எங்கள் பெண், தோழிகள் இரண்டு பேரோடு ஞாயிறு தோறும் விடியற்காலையில் அங்கே போய்விடுவாள். வேரின் மேல் ஏறுவதும், பள்ளத்தில் இறங்குவதும், வளைவில் வண்டியோடு சாய்வதுமாக ஓட்டுவாள். இதற்கென்றே தனி வண்டி. மலைச் சைக்கிள் என்று பெயர். அகலமான டயர், முன்னால் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க்கு, ஒரு விரலால் இழுத்தாலே நிற்கும் பிரேக். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கு என்று என் அண்ணன் வாங்கிய அன்றே கேட்டார். பதில் இன்னும் வரவில்லை!

"போதும்டீ அம்மா, போதும்! நாளைக்கே இந்த வண்டியை வித்துடணும். கையை ஒடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா யாரு பார்க்கிறது?" என்று அண்ணி கண்ணில் நீரோடு கத்தினாள்.

"வண்டி மேல தப்பு இல்லம்மா. வளைவில முன் டயர் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்" என்றாள் பெண்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த முன் டயர், பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்தது!

வாங்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இரண்டு டயர் காட்டினார்கள். "எது ரொம்ப நாள் உழைக்கும்?" என்று கேட்டேன். நாம் எதை வாங்கினாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே! அம்மிக்கல்லானாலும் சரி, அண்டாவானாலும் சரி, கெட்டியாக இருக்க வேண்டும். பேரன் காலம் வரை வர வேண்டும். கத்தரிக்காயை அழுத்துவதுபோல் இரண்டையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்று அமுங்கியது. மற்றது கல் மாதிரி இருந்தது. கல் மாதிரி இருந்ததை வாங்கி வந்தேன். விலையும் சகாயம்.

மறுநாள் காலை, கடலூர் சாலையில் எங்களுக்குப் பழக்கமான சைக்கிள் கடைப் பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார்.

"இது பால் வாங்கப் போற டயர் அம்மா. தார் ரோட்டில் பத்து வருஷம் ஓடும். பாப்பா போற இடத்துக்கு ஆகாது."

"ஏன் ஆகாது? பட்டன் எல்லாம் இருக்கிறதே?"

"பட்டன் இருக்கு. ரப்பர் பிடிக்கணுமே! உங்க வீட்டுப் பிள்ளைங்க பென்சிலை அழிக்கிற ரப்பர் பார்த்திருக்கீங்களா? மெத்துன்னு இருக்கிற ரப்பர் காகிதத்தைப் பிடிச்சு அழிக்கும். சீக்கிரம் கரைஞ்சும் போயிடும். கெட்டி ரப்பர் கரையாது; ஆனா காகிதத்து மேல சறுக்கும்."

ஒரே வார்த்தையில் விஷயம் விளங்கிவிட்டது. மென்மையான ரப்பர், கல்லின் மேட்டிலும் பள்ளத்திலும் தானே அமுங்கிப் பொருந்திக்கொள்கிறது, அதனால் பிடிப்பு. கெட்டி ரப்பர் கல்லின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கிவிடுகிறது. இந்த மென்மைக்கு ஷோர் என்று ஓர் அளவு இருக்கிறது. எண் குறையக் குறைய ரப்பர் மென்மை. மலைச் சைக்கிள் டயரில் 60 என்றால் கெட்டி ரகம். 42 என்றால் நன்றாகப் பிடிக்கிற ரகம். சில டயர்களில் உள்ளே கெட்டி, மேலே மென்மை, ஓரத்தில் இன்னும் மென்மை என்று இரண்டு மூன்று ரப்பர்களைச் சேர்த்துச் செய்கிறார்கள். ஆக, நான் எதைக் குணம் என்று நினைத்து வாங்கினேனோ, அதுதான் இங்கே குற்றம்.

அடுத்தது பட்டன். டயரின் மேல் முட்டு முட்டாக இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். கோடைக் காலத்தில் அந்தச் செம்மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அதன்மேல் கேழ்வரகைக் கொட்டினாற்போல் சிறு சரளை உருளும். சறுக்கி விழுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. உயரமான பட்டன்தான் சரளைக்கு இடையே புகுந்து அடித்தரையைத் தொடும். மழை பெய்தாலோ, அதே மண் அரைத்த மருதாணி மாதிரி ஆகி டயரில் அப்பிக்கொள்ளும். பட்டன்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி இருந்தால் சக்கரம் சுற்றும்போது சேறு உதிர்ந்துவிடும். நெருக்கமாக இருந்தால் அடைத்துக்கொண்டு டயரே மழமழவென்று ஆகிவிடும்.

"நடுவில இருக்கிற பட்டனை எல்லாரும் பார்க்கிறாங்க. ஓரத்துப் பட்டனைத்தான் பார்க்கணும்" என்றார் பெரியவர். பிரேக் பிடிக்கும்போது வேலை செய்வது நடுப் பட்டன். வளைவில் வண்டி சாயும்போது தரையைத் தொடுவது ஓரப் பட்டன். அது உயரமாகவும், அடி அகன்று உறுதியாகவும், விரலால் தள்ளினால் மடங்காமலும் இருக்க வேண்டும். நான் வாங்கிய டயரில் ஓரத்தில் பெயருக்கு நாலு கோடுதான் கிழித்திருந்தது!

பிறகு அளவு. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. "26 அங்குலம்" என்று கேட்டு வாங்கி வருவோம், மாட்டவே மாட்டாது. ஏனென்றால், வீட்டில் இருக்கும் பழைய லேடீஸ் சைக்கிளின் 26 வேறு, மலைச் சைக்கிளின் 26 வேறு. டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் மில்லிமீட்டர் கணக்கு இருக்கும்; அதுதான் சத்தியம். மலைச் சைக்கிளில் 26 அங்குலத்துக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. லேடீஸ் சைக்கிளின் ஒன்றே கால் அரைக்கால் அங்குல டயரோ, அங்குலம் 26 என்றே இருந்தாலும், 590. பழைய டயரில் இருக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அகலம் 2.3 முதல் 2.5 அங்குலம் வரை இருப்பது கரடுமுரடான பாதைக்கு ஏற்றது. ஆனால் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே சுண்டு விரல் நுழையும் அளவாவது இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு சிக்கிச் சக்கரம் நின்றுவிடும்.

விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. தைவானில் செய்ததாம், ஒரு டயர் நாலாயிரத்துச் சொச்சம்! எங்கள் ஊருக்கு அயல்நாட்டுச் சரக்கு புதிதல்லதான். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலே இருக்கும் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி ஜாடிகளே கிடைத்தன. அந்தக் காலத்து மாமிகளும் விலையைக் கேட்டு மூக்கில் விரலை வைத்திருப்பார்கள். ஆனால் இரண்டு டயர் என்றால் எட்டாயிரத்துக்கு மேல். நான் கிரைண்டருக்காகச் சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணம் பாதிக்குத்தான் வரும்.

"ஒண்ணு வாங்குங்க போதும். முன்னாலே போடுங்க" என்றார் பெரியவர்.

"பின்சக்கரம்தானே தேயும்? புது டயரை எப்போதும் பின்னால்தானே போடுவோம்?" என்று கேட்டேன்.

"தேய்மானம் பின்னாலே, உயிர் முன்னாலே!" என்றார்.

சகோதரிகளே, இந்த வாரம் நீங்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். பின்சக்கரம் சறுக்கினால் வண்டியின் வால் ஒரு பக்கம் போகும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வளைவில் முன்சக்கரம் சறுக்கினால் யோசிக்க நேரமில்லை. அடுத்த நிமிஷம் தரையில் இருப்போம். பணம் ஒரு டயருக்குத்தான் என்றால், பிடிப்புள்ள டயர் முன்சக்கரத்துக்கு. கெட்டி ரப்பர் டயர் பின்னால் இருக்கட்டும். அங்கே அது லகுவாக உருளும், சீக்கிரம் தேயாது. மழைக் காலத்தில் மட்டும் பின்னாலும் கொஞ்சம் பிடிப்பு வேண்டும். ஆகவே என்னுடைய பொங்கல் பரிசும் வீணாகவில்லை. முன்னாலிருந்து பின்னாலே போயிற்று, அவ்வளவுதான்!

வீட்டுக்கு வந்தால் அண்ணி இன்னும் சமாதானமாகவில்லை. "டயரை மாத்தினா சரியாப் போச்சா? பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வம்பு எதுக்கு? நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"அண்ணி, சைக்கிள் டயருக்குள்ளே காத்தடிச்சு ஓட்ட ஆரம்பிச்சதே ஒரு குழந்தைக்காகத்தான்" என்று ஆரம்பித்தேன். கதை உண்மை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கெட்டிச் சக்கரத்தால் குலுங்குவதைப் பார்த்து, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கொடுத்தார். அது சக்கரத்தோடு ஒட்டியே இருந்ததால் பஞ்சர் ஆனால் பிரிப்பது பெரும்பாடு. 1891-ல் பிரான்சில் மிச்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டு வந்தார்கள். அந்த வருஷமே பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த டயரோடு சார்ல் தெரோன் ஜயித்தார். மலைச் சைக்கிளோ நேற்றுப் பிறந்தது. 1976-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தமல்பாய்ஸ் மலையருகே சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் சரிவில் பந்தயம் விட்டார்கள். இருபது வருஷத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பெண்களுக்கும் உரிய பந்தயமாகிவிட்டது. முதல் தங்கப் பதக்கம் இத்தாலியப் பெண் பாவ்லா பெட்ஸோவுக்கு. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரெஞ்சுப் பெண் போலின் ஃபெரான் பிரெவோ தங்கம் வாங்கினார்.

"அவங்க எல்லாம் விழவே மாட்டாங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"விழுவாங்க. ஆனா தெரியாத்தனத்தால விழ மாட்டாங்க" என்றேன்.

அண்ணி யோசித்தாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். தலைக்கவசம் மட்டும் போதாது. முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்பு, கைக்கு உறை, எல்லாம் வேண்டும். முதல் தடவை அவளும் கூட வந்து பார்ப்பாள். பெண் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

டயர் மாட்டிய அன்று காற்று விஷயத்தையும் தெரிந்துகொண்டோம். நம் வழக்கம், டயர் விண்ணென்று தெறிக்கும்படி அடிப்பது. தார் ரோட்டுக்குச் சரி. கரடுமுரடான பாதையில் காற்று சற்றுக் குறைவாக இருந்தால்தான் டயர் தரையோடு படிந்து பிடிக்கும். ட்யூப் போட்ட அகல டயருக்கு, ஐம்பது அறுபது கிலோ எடையுள்ளவர் 25-லிருந்து 30 பவுண்டு வரை வைத்துப் பார்க்கலாம். முன்னால் இரண்டு பவுண்டு குறைவாக. டயரில் அச்சிட்டிருக்கும் எல்லையை மட்டும் மீறக் கூடாது. ரொம்பவும் குறைத்துவிட்டால் கல்லில் இடிக்கும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கிப் பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும். ட்யூப் இல்லாத டயரில் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் குறைவாகக் காற்று வைக்கலாம். உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் வேலிக்காத்தான் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துவிடும். ஆனால் ரிம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நம் வெயிலுக்குத் திரவம் காய்ந்து போகும். சில மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி ஊற்ற வேண்டும். எங்கள் வண்டிக்கு இப்போதைக்கு ட்யூப்தான்.

போன ஞாயிறு அண்ணனுடைய ஸ்கூட்டரில் அண்ணியும், தோழியின் ஸ்கூட்டரில் நானுமாக அந்த மேட்டுக்குப் போனோம். பெண் விழுந்த அதே வளைவு. மேலிருந்து வண்டி வருகிற சத்தம் கேட்டதும் அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. வண்டி சாய்ந்தது. சரளை தெறித்தது. முன்சக்கரம் அசையவில்லை. ஒரு நொடியில் பெண் எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

அண்ணி கண்ணைத் திறந்து முதலில் மகளைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து தரையைப் பார்த்தாள். செம்மண்ணில் டயரின் தடம் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தது.

"புள்ளிக் கோலம் மாதிரி இருக்கு, இல்லே?" என்றாள்.

இனிமேல் வண்டியை விற்கிற பேச்சு எழாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கிரைண்டருக்கு மறுபடி சீட்டுக் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த தீபாவளிக்குள் சேர்ந்துவிடும். அதுவரை அந்தப் பழைய ஆட்டுக்கல் இருக்கவே இருக்கிறது. அது கெட்டியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை!